காலியா ஒரு ஊர் எப்பவும் இருக்கணும்

"கூட்டமே வரலைன்னா அந்த ஓனர் என்னங்க பண்ணுவாரு, பிசினஸ்தானே"ன்னு ஆஃபீஸ்ல கூட வேலை பாக்குற நண்பர் கேட்டார். அமெரிக்காவுல ஓக்லண்ட் ஏ'ஸ் பேஸ்பால் டீம் லாஸ் வேகஸ் போறதுக்காக ஊரைக் காலி பண்ணிட்டுப் போனதைப் பத்தி பேச்சு வந்தப்போ. பே ஏரியாவுல (ஓக்லண்ட், சான் ஃப்ரான்சிஸ்கோ, சான் ஹோசே எல்லாம் சேந்த பகுதி) இருக்குற நம்மாளுங்க நெறய பேர் இப்படித்தான் நெனைக்கிறாங்க, டிவியில காலி சீட்டைக் காட்டுனாங்க, ஸ்டேடியம் பழசு, அதனால டீம் போயிடுச்சு, அவ்ளோதான் கதைன்னு. லஞ்ச் டைம்ல பதில் சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல அந்தக் கூட்டக் கணக்கையே எடுத்துக்குவோம். 1990ல ஓக்லண்ட் கொலீசியத்துக்கு ஒரே சீசன்ல வந்தவங்க 29 லட்சம் பேர். அப்போ பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற சான் ஃப்ரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸுக்கு 20 லட்சம் கூட வரல. அதே ஊர், அதே ஜனங்க, அதே ஸ்டேடியம். வித்தியாசம் என்னன்னா அன்னைக்கு ஓனர் வால்டர் ஹாஸ், லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்துக்காரர், லீக்லயே அதிகமா சம்பளம் குடுக்குற டீம்கள்ல ஒண்ணா ஏ'ஸை வெச்சிருந்தார், 1989ல வேர்ல்ட் சீரிஸும் (லீக்கோட சாம்பியன் பட்டம்) ஜெயிச்சாங்க. அதுக்கு முன்னாடி 1972, 73, 74ன்னு தொடர்ச்சியா மூணு தடவை ஜெயிச்ச டீம்தான் அது. ரொம்பப் பின்னாடி வந்து பாத்தா, 2019ல 97 மேட்ச் ஜெயிச்ச டீமைப் பாக்க 16 லட்சத்துக்கு மேல வந்தாங்க, பெரிய கூட்டம் இல்லதான், ஆனா செத்துப்போன ஊரும் இல்ல. அப்புறம் கோவிட் முடிஞ்சு 2022 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க தெரியுமா, மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயான்னு டீமோட முதுகெலும்பா இருந்த ஆளுங்க அத்தனை பேரையும் வேற டீமுக்கு அனுப்பிட்டு, அதே நேரத்துல சீசன் டிக்கெட் விலையையும் ஏத்துனாங்க. அந்த வருஷம் 102 மேட்ச் தோத்தாங்க, அடுத்த வருஷம் 112. 2022லயே கூட்டம் 8 லட்சத்துக்கும் கீழ போச்சு. போனதும் உடனே "பாத்தீங்களா, இந்த ஊருல ஆதரவே இல்ல"ன்னு பேச்சு.

அதான் நான் சொல்ல வர்றது. கூட்டம் வரலைங்கறது பல நேரம் டீம் போறதுக்குக் காரணம் இல்ல, டீம் போகப்போகுதுங்கறதோட விளைவு. ஓனர் மனசுல பெட்டி கட்டியாச்சுன்னு தெரிஞ்சப்புறம் எவன் டிக்கெட் வாங்குவான். அப்போ உண்மையான காரணம் என்னன்னு கேட்டா, லீக் நடக்குற விதத்துலயே இருக்கு அது.

மேஜர் லீக் பேஸ்பால்ல மொத்தம் 30 டீம். 31வது டீம் வேணும்னா இந்த 30 ஓனர்கள்ல நாலுல மூணு பங்கு பேர் சரின்னு ஓட்டுப் போடணும். நீங்க எவ்ளோ பெரிய பணக்காரரா இருந்தாலும், ஊருல எவ்ளோ ஜனம் இருந்தாலும், நீங்களே ஒரு டீம் ஆரம்பிச்சு கீழ் லீக்ல ஜெயிச்சு ஜெயிச்சு மேல வர்ற வழியே கிடையாது, யூரோப் ஃபுட்பால் மாதிரி இல்ல. சட்டமும் இவங்க பக்கம். அமெரிக்காவுல மத்த எந்த பிசினஸா இருந்தாலும் போட்டியாளர்கள் எல்லாரும் ஒரு ரூம்ல உக்காந்து "இந்த ஊரு உனக்கு, அந்த ஊரு எனக்கு"ன்னு பிரிச்சுக்கிட்டா கேஸ் போட்டு உள்ள தள்ளுவாங்க. பேஸ்பாலுக்கு மட்டும் 1922ல சுப்ரீம் கோர்ட் ஒரு விலக்கு குடுத்துச்சு, இது மாநிலங்களுக்கு நடுவுல நடக்குற வியாபாரமே இல்லன்னு சொல்லி. ஆமா, டீம் ரயில் ஏறி ஊர் ஊரா போய் டிக்கெட் வித்து ஆடுறது வியாபாரம் இல்லையாம். 1953லயும் 1972லயும் அதே கோர்ட் அதைத் திரும்பிப் பாத்துச்சு, இது வினோதமா இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, ஆனாலும் மாத்தணும்னா பார்லிமென்ட் மாத்தட்டும்னு விட்டுட்டாங்க. அதனால இன்னைக்கு வரைக்கும் டீம் எண்ணிக்கை ஊர்களோட எண்ணிக்கையை விடக் கம்மியாவே இருக்கு, இருக்கணும், அதுதான் இவங்களுக்கு லாபம். எங்கயாவது ஒரு பெரிய ஊர் டீம் இல்லாம ஏங்கிக்கிட்டு இருந்தாத்தான் மத்த ஊர் மேயர்கிட்ட போய் "ஸ்டேடியம் கட்டித் தர்றீங்களா இல்ல நாங்க அங்க போகட்டுமா"ன்னு கேக்க முடியும்.

சிஎஸ்கே ஓனர் சேப்பாக்கத்துக்குப் பதிலா புது ஸ்டேடியத்தை அரசாங்கம் கட்டித் தரலைன்னா டீமை, பேரை, ரெக்கார்டை, கப்பை எல்லாம் தூக்கிட்டு லக்னோ போறேன்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? அங்க அது சாதாரணமா நடக்குது.

ஆனா எப்பவும் இப்படி இல்ல. 1903லேருந்து 1952 வரைக்கும், கிட்டத்தட்ட 50 வருஷம், 16 டீம், ஒண்ணு கூட ஊர் மாறல. அப்புறம் 1953ல பாஸ்டன் பிரேவ்ஸ் மில்வாக்கிக்குப் போனாங்க. பாஸ்டன்ல அதுக்கு முந்தின வருஷம் மொத்த சீசனுக்கும் 2 லட்சத்து 81 ஆயிரம் பேர் வந்த டீமுக்கு மில்வாக்கியில முதல் வருஷமே 18 லட்சம் பேர். இதை மத்த ஓனருங்க பாத்தாங்க பாருங்க, அவ்ளோதான், அணை உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பால்டிமோருக்கு, ஃபிலடெல்ஃபியா ஏ'ஸ் கேன்சஸ் சிட்டிக்கு (ஆமா, இதே ஏ'ஸ்தான், 1968ல அங்கேருந்து ஓக்லண்டுக்கு), 1953லேருந்து 1972க்குள்ள 10 தடவை டீம்கள் ஊர் மாறியிருக்கு. மில்வாக்கிக்கே அந்த பிரேவ்ஸ் நிலைக்கல, 1957ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சுக் குடுத்துட்டு 1966ல அட்லாண்டாவுக்குக் கிளம்பிட்டாங்க, விஸ்கான்சின் மாநிலம் கேஸ் போட்டுப் பாத்துச்சு, நடக்கல.

அந்தக் காலத்து நகர்வுகளுக்கு நியாயமான காரணமும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஒரே ஊர்ல ரெண்டு மூணு டீம் நெருக்கிக்கிட்டு இருந்துச்சு, மேற்குக் கரையில ஒண்ணு கூட இல்ல, ரயிலுக்குப் பதிலா விமானம் வந்துச்சு, வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கிட்டு நகரத்தை விட்டு புறநகருக்குப் போனாங்க, டிராம் வண்டியில வர்ற கூட்டத்துக்காகக் கட்டுன பழைய மைதானத்துல கார் நிறுத்த எடமில்ல. கூடவே அசிங்கமான காரணமும் இருந்துச்சு. வாஷிங்டன் செனட்டர்ஸை 1961ல மினசோட்டாவுக்குக் கொண்டு போன ஓனர் கால்வின் கிரிஃபித், பல வருஷம் கழிச்சு 1978ல ஒரு கிளப் கூட்டத்துல பேசும்போது, அங்க கறுப்பினத்தவங்க கம்மியா இருக்காங்கங்கறதாலதான் அந்த ஊருக்கு வந்தேன்னு வாயாலயே சொல்லி மாட்டிக்கிட்டார். வாஷிங்டனுக்கு உடனே வேற ஒரு செனட்டர்ஸ் டீம் குடுத்தாங்க, அதுவும் 1971ல டெக்சாஸுக்குப் போயிடுச்சு, கடைசி மேட்ச்ல 7-5ன்னு செனட்டர்ஸ் லீட்ல இருக்கும்போது ஜனங்க கோவத்துல மைதானத்துக்குள்ள இறங்கி பேஸைப் (ஆடுறவங்க ஓடித் தொடுற மெத்தை) பிடுங்கிட்டுப் போயிட்டாங்க, ஜெயிக்கப்போற மேட்ச்சை தோத்ததா அறிவிச்சுட்டாங்க.

எல்லாரும் சொல்ற கதை புரூக்ளின் டாட்ஜர்ஸ். இங்கயும் அதே "கூட்டம் வரல". எபெட்ஸ் ஃபீல்டுல 1957 செப்டம்பர் 24 கடைசி மேட்ச்சுக்கு 6,702 பேர்தான் வந்தாங்கன்னு கணக்கு காட்டுவாங்க. ஆனா அந்த சீசன்ல மொத்தம் 10 லட்சத்துக்கு மேல வந்திருக்காங்க, டீம் லாபத்துலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 1955ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சிருந்தாங்க. ஓனர் வால்டர் ஓ'மேலிக்கு பிரச்சனை மில்வாக்கி. அங்க பிரேவ்ஸுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வர்றாங்க, பெரிய பார்க்கிங் இருக்கு, அந்தக் காசுல நல்ல ஆளுங்களை வாங்கி நம்மளை சீக்கிரம் முந்திடுவாங்கன்னு அவருக்கு பயம். எபெட்ஸ் ஃபீல்டு 1913ல தொறந்தது, 32 ஆயிரம் சீட், 700 கார் நிறுத்துற அளவுக்குத்தான் எடம். அவர் கேட்டது புரூக்ளின்லயே அட்லாண்டிக் அவென்யூவும் ஃபிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கிற எடம், ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே. ஸ்டேடியத்தை என் காசுல கட்டிக்கிறேன், நிலத்தை மட்டும் நகரம் கையகப்படுத்தி எனக்கு வித்துடுங்கன்னார். நியூயார்க்ல எந்த ரோடு எங்க போகணும்னு முடிவு பண்ற ராபர்ட் மோசஸ், தனியார் பேஸ்பால் டீமுக்கு நிலம் எடுத்துக் குடுக்கறது பொது நோக்கம் ஆகாதுன்னு மறுத்துட்டார், வேணும்னா குயின்ஸ்ல ஃபிளஷிங் மெடோஸ்ல வாங்கன்னார். குயின்ஸ்க்குப் போனா அது புரூக்ளின் டாட்ஜர்ஸ் எப்படின்னு ஓ'மேலி கேட்டார், நியாயமான கேள்விதான், ஆனா லாஸ் ஏஞ்சலஸ் போனா மட்டும் எப்படின்னு அவரை யாரும் கேக்கல போல.

இதுல யார் வில்லன்னு ஜனங்க 60 வருஷத்துக்கு மேல சண்டை போடுறாங்க. எனக்கு மோசஸ் சொன்ன கொள்கை சரின்னுதான் படுது, ஆள்தான் தப்பு, ஏன்னா நெடுஞ்சாலைக்காக ஆயிரக்கணக்கான ஏழைகளை வீட்டை விட்டு வெளியேத்துன மனுஷன் அவர். அதைவிட முக்கியமான விஷயம், லாஸ் ஏஞ்சலஸ் என்ன குடுத்துச்சுங்கறது. நகரத்துக்குப் பக்கத்துலயே சாவேஸ் ரவீன்ங்கற எடத்துல சுமார் 300 ஏக்கர். அங்க மெக்சிகன் குடும்பங்கள் இருந்தாங்க, 50களோட ஆரம்பத்துல பொது வீடு கட்டித் தர்றோம், திரும்ப வந்து உங்களுக்குத்தான் முதல் வீடுன்னு சொல்லித்தான் அவங்களை வெளியேத்துனாங்க. அப்புறம் அந்த வீட்டுத் திட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க, நிலம் சும்மா கெடந்துச்சு, டாட்ஜர்ஸுக்குப் போச்சு. கடைசியா மிச்சமிருந்த குடும்பங்களை 1959 மே மாசம் போலீஸ் தூக்கிட்டு வெளிய வந்ததை டிவியில காட்டுனாங்க. ஒரு ஊர் டீமை இழந்ததுக்கு அழுதது பத்தி எவ்வளவோ எழுதியிருக்காங்க, இன்னொரு ஊர்ல அந்த டீம் வந்து உக்காந்ததுக்கு வீட்டை இழந்தவங்க இருக்காங்கங்கறதை அவ்வளவா யாரும் பேசறதில்ல.

அந்தக் காலகட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து சியாட்டில் பைலட்ஸ். 1969 ஒரே ஒரு சீசன் ஆடுச்சு அந்த டீம், ஓனருக்கு திவால். 1970 சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருக்கு, டீம் சியாட்டில்லயா மில்வாக்கியிலயான்னு கோர்ட் இன்னும் சொல்லல. அரிசோனாவுல பயிற்சி முடிஞ்சு சாமான் ஏத்துன லாரி யூட்டாவுல புரோவோங்கற ஊர்ல நின்னுக்கிட்டு இருந்துச்சாம், வடக்க திரும்பணுமா கிழக்க திரும்பணுமான்னு தெரியாம. மார்ச் 31 தீர்ப்பு வந்துச்சு, லாரி மில்வாக்கிக்குப் போச்சு, சியாட்டில் சட்டையில எழுத்தைப் பிரிச்சு எடுத்துட்டு மில்வாக்கி ப்ரூவர்ஸ்ன்னு தெச்சு ஆடுனாங்க. வாங்குனவர் பட் செலிக், கார் வியாபாரி. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1972க்கு அப்புறம் பாருங்க, திடீர்னு எல்லாம் நின்னுடுச்சு. அடுத்த 33 வருஷத்துக்கு ஒரு டீம் கூட ஊர் மாறல. ஓனருங்க திருந்திட்டாங்களா? போறதைவிட போவேன்னு சொல்றதுல லாபம் அதிகம்ன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. இதுக்கு சிகாகோ வைட் சாக்ஸை விட நல்ல உதாரணம் கெடைக்காது. ஃபுளோரிடாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு ஒரு ஊர், டீமே இல்லாம ஸ்டேடியம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க, கட்டுனா எவனாவது வருவான்னு. 1988ல வைட் சாக்ஸ் ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், இலினாய் மாநிலம் புது ஸ்டேடியத்துக்குக் காசு தரலைன்னா அங்க போறேன்னார். ஃபுளோரிடாவுல டி-ஷர்ட் கூட அடிச்சு வித்துட்டாங்க. ஜூன் 30 ராத்திரி 12 மணிக்குள்ள சட்டசபையில மசோதா நிறைவேறணும், ஓட்டு பத்தல, கவர்னர் ஜிம் தாம்ப்சன் சபைக்குள்ளயே இறங்கி ஒவ்வொரு உறுப்பினரா பிடிச்சு பேசிக்கிட்டு இருக்கார், மணி 12 ஆகப் போகுது. என்ன பண்ணாங்க? கடிகாரத்தை நிறுத்திட்டாங்க. நெஜமாவே. 12 தாண்டி சில நிமிஷம் கழிச்சு ஓட்டெடுப்பு முடிஞ்சுது, ரெக்கார்டுல 11:59ன்னு எழுதிட்டாங்க. வைட் சாக்ஸுக்கு 1991ல புது ஸ்டேடியம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்? ஸ்டேடியம் 1990ல தொறந்து பேஸ்பால் டீம் இல்லாமயே கெடந்துச்சு. அடுத்து 1992ல சான் ஃப்ரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸை வாங்கி அங்க கொண்டு போறதுக்கு ஒப்பந்தமே ஆச்சு, லீக் ஓனருங்க ஓட்டுப் போட்டு தடுத்துட்டாங்க. சியாட்டில் மரைனர்ஸும் அந்த ஊரைக் காட்டி பேசிப் பாத்தாங்க. அந்த ஊரோட வேலையே அதுதான், காலியா இருக்கறது. அவங்களுக்கு சொந்த டீம் கெடைச்சது 1998ல.

இந்த ஜெயன்ட்ஸ் விவகாரத்துலதான் ஓக்லண்டோட தலையெழுத்தும் இருக்கு, நம்மாளுங்க பலருக்கு இது தெரியாது. ஜெயன்ட்ஸ் அப்போ குளிருல காத்தடிக்கிற கேண்டில்ஸ்டிக் பார்க்ல ஆடிக்கிட்டு, தெற்குப் பக்கம் சான் ஹோசேக்குப் போலாமான்னு பாத்தாங்க. லீக் விதிப்படி சான் ஹோசே இருக்குற சான்டா கிளாரா கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அப்போ ரெண்டு டீமுக்கும் பொது, ஏ'ஸ் சம்மதம் வேணும். ஹாஸ் சரி எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டார், காசே வாங்காம. ஜெயன்ட்ஸ் பே ஏரியாவுலயே இருந்தா நல்லதுதானேன்னு. ஜெயன்ட்ஸ் சான் ஹோசே போகவே இல்ல, ஓட்டெடுப்புல ஜனங்க வேண்டாம்னுட்டாங்க. புது ஓனருங்க வந்து சான் ஃப்ரான்சிஸ்கோவுலயே கடலோரமா ஸ்டேடியம் கட்டுனாங்க, 2000ல தொறந்தது, பெரும்பாலும் சொந்தக் காசு. ஆனா சான் ஹோசே உரிமையைத் திருப்பித் தரல. பின்னாடி ஏ'ஸ் அங்க போறேன்னு கேட்டப்போ, முடியாது, அது எங்க ஏரியா, அங்க இருக்குற டெக் கம்பெனி எல்லாம் எங்க கஸ்டமர்ன்னாங்க. லீக்கை நடத்துற கமிஷனர் 2009ல ஒரு கமிட்டி போட்டார், அந்தக் கமிட்டி வருஷக் கணக்கா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருந்துச்சு, எந்த அறிக்கையும் வெளிய வரல. சான் ஹோசே நகரமே கேஸ் போட்டுச்சு, அந்த 1922 விலக்கைக் காட்டி தள்ளுபடி பண்ணிட்டாங்க, 2015ல சுப்ரீம் கோர்ட்டும் எடுத்துக்கல. அந்தக் கமிஷனர் யாருன்னா, பட் செலிக். கார் வியாபாரி.

நடுவுல ஃப்ரீமாண்ட்லயும் ஸ்டேடியம் கட்டறதா ஒரு திட்டம் இருந்துச்சு, 2009ல கைவிட்டாங்க. நான் இங்க குடி வந்தப்போ பழைய ஆளுங்க "இங்கதான் வர்றதா இருந்துச்சு"ன்னு ஒரு எடத்தைக் காட்டுவாங்க. வந்திருந்தா டிராஃபிக்ல செத்திருப்போம்ங்கறது வேற விஷயம்.

கொலீசியமும் நல்ல எடம்னு நான் சொல்ல மாட்டேன். கழிவுநீர் பொங்கி பிளேயர் ரூமுக்குள்ள வந்திருக்கு, 2023ல கமென்ட்ரி ரூம்ல மரநாய் மாதிரி ஒரு பிராணி குடித்தனம் பண்ணுச்சு. ஆனா அந்த ஸ்டேடியத்தைக் கெடுத்ததே இன்னொரு டீமைக் கூப்பிட்டதுதான். ரெய்டர்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீம் 1995ல லாஸ் ஏஞ்சலஸ்லேருந்து திரும்பி வர்றதுக்காக நகரமும் கவுண்டியும் கடன் வாங்கி பெரிய மாடி கட்டுனாங்க, பேஸ்பால் பாக்கும்போது பின்னாடி தெரியற மலை மறைஞ்சு போச்சு. ரெய்டர்ஸ் 2020ல லாஸ் வேகஸ்க்குப் போயிட்டாங்க, கடனைக் கட்டறது மட்டும் ஓக்லண்ட்ல நிக்கல. இந்த அனுபவத்துக்கு அப்புறம் அந்த ஊர் இன்னொரு டீமுக்கு வெத்து செக் எழுதலைன்னு குறை சொல்றது எனக்கு சுத்தமா புரியல. அப்படியும் துறைமுகத்துப் பக்கம் ஹோவர்டு டெர்மினல்ல 1,200 கோடி டாலர் திட்டம்னு பல வருஷம் பேசுனாங்க. ஸ்டேடியம் அதுல ஒரு துண்டுதான், மிச்சமெல்லாம் அபார்ட்மென்ட், ஆஃபீஸ், ஓட்டல். இப்பல்லாம் ஓனருங்க கேக்கறது மைதானம் இல்ல, மைதானத்தைச் சுத்தி இருக்குற நிலம். அட்லாண்டா பிரேவ்ஸ் 20 வருஷமே ஆன டர்னர் ஃபீல்டை விட்டுட்டு 2017ல பக்கத்து கவுண்டிக்குப் போனதும் அதுக்குத்தான், இன்னைக்கு அங்க ஸ்டேடியத்தைச் சுத்தி கடை, ஓட்டல் எல்லாத்துலயும் டீமுக்கு வருமானம். மேட்ச் வருமானத்துல ஒரு பங்கை மத்த டீம்களோட பிரிச்சுக்கணும், அபார்ட்மென்ட் வாடகையைப் பிரிக்க வேண்டியதில்ல பாருங்க.

ஓனர் ஜான் ஃபிஷர், கேப் துணிக்கடை குடும்பம், 2005ல பார்ட்னரோட சேந்து டீமை வாங்குன விலை 18 கோடி டாலர். ஒரு பக்கம் "ஓக்லண்ட்லதான் எங்க வேர்"னு பேனர் கட்டிட்டு இன்னொரு பக்கம் வேகஸ்ல நிலம் பாத்துக்கிட்டு இருந்தாங்க, 2023 ஏப்ரல்ல அங்க நிலம் வாங்க ஒப்பந்தம்னு செய்தி வந்துச்சு. ஜூன் 13 அன்னைக்கு ரசிகர்கள் ஒரு வேலை பண்ணாங்க, போகாம இருந்து போராடறதுக்குப் பதிலா எல்லாரும் ஒரே நாள் போவோம்னு. 27,759 பேர், பெரும்பாலானவங்க பச்சை டி-ஷர்ட், அதுல ஒரே வார்த்தை, வித்துடு. டீம் அன்னைக்கு ஜெயிச்சுது, அதுவும் தொடர்ச்சியா ஏழாவது வெற்றி, அந்த மோசமான சீசன்ல! அதே நாள் நெவாடா செனட் 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் குடுக்குற மசோதாவை நிறைவேத்துச்சு, ரெண்டு நாள்ல கவர்னர் கையெழுத்தும் போட்டாச்சு. இப்போதைய கமிஷனர் ராப் மேன்ஃபிரட் அந்தக் கூட்டத்தைப் பத்திக் கேட்டப்போ, ஒரு ராத்திரிக்கு மட்டும் லீக்கோட சராசரிக் கூட்டத்துக்குப் பக்கத்துல வந்துச்சு, சந்தோஷம்ங்கற மாதிரி நக்கலா பேசுனார். நவம்பர்ல ஓனருங்க ஓட்டுப் போட்டாங்க, 30க்கு 30 சம்மதம். ஊர் மாறுனா லீக்குக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஒருத்தர் கூட எதிர்க்கலையேன்னு ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, நாளைக்கு தன் ஊர் மேயர்கிட்ட பேரம் பேச அவங்களுக்கும் இந்த உதாரணம் வேணும்.

இன்னொண்ணு, ஓக்லண்ட் ஒண்ணும் சின்ன டிவி மார்க்கெட் இல்ல, பே ஏரியா நாட்டுலயே பெரிய மார்க்கெட்கள்ல ஒண்ணு, லாஸ் வேகஸ் அதைவிட ரொம்பச் சின்னது. பெரிய சந்தையை விட்டுட்டு சின்ன சந்தைக்குப் போறாங்கன்னா அது ரசிகர்களைத் தேடி இல்ல, காசு குடுக்குற அரசாங்கத்தைத் தேடி.

கூட்டத்தை இல்லாம ஆக்கறது எப்படின்னு பாடம் எடுக்கணும்னா கனடாவுல இருந்த மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் டீம்தான். 1994 ஆகஸ்ட் 12 பிளேயருங்க வேலைநிறுத்தம் ஆரம்பிச்சப்போ 74 வெற்றி 40 தோல்வி, பேஸ்பால்லயே முதல் எடம். சீசனே ரத்து, வேர்ல்ட் சீரிஸ் இல்ல. அடுத்த வருஷம் வேலைநிறுத்தம் முடிஞ்சதும் லேரி வாக்கர், மார்க்கீஸ் கிரிசம், ஜான் வெட்டலண்ட், கென் ஹில் எல்லாரும் போயாச்சு. 1997ல பெட்ரோ மார்டினெஸ் லீக்லயே சிறந்த பிட்ச்சர்னு (பந்து வீசறவர்) பரிசு வாங்குனார், உடனே அவரையும் பாஸ்டனுக்கு அனுப்பியாச்சு. 2000ல டீமுக்கு ஆங்கிலத்துல டிவியும் கெடையாது ரேடியோவும் கெடையாது, ஒப்பந்தமே போடல. 2002ல ஓனர் ஜெஃப்ரி லோரியா டீமை லீக்குக்கே 12 கோடி டாலருக்கு வித்துட்டு ஃபுளோரிடா மார்லின்ஸை வாங்கிட்டுப் போனார், போகும்போது ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கூட விடல. அப்புறம் மத்த 29 ஓனருங்கதான் எக்ஸ்போஸுக்கு முதலாளி, அதாவது போட்டி டீம்களே. 2003ல அந்த டீம் பிளேஆஃப் வாய்ப்போட இருந்தப்போ செப்டம்பர்ல கூடுதல் ஆள் கூப்பிட காசு தர மாட்டோம்னுட்டாங்க. சொந்த ஊர் மேட்ச்ல 22 மேட்ச்சை போர்ட்டோ ரிக்கோவுக்கு மாத்துனாங்க. இத்தனைக்கும் அப்புறம், மாண்ட்ரியால்ல கூட்டம் வரலையாம்.

2005ல வாஷிங்டனுக்கு மாத்துனாங்க, அந்த நகரம் பொதுப் பணத்துல ஸ்டேடியம் கட்டித் தர ஒத்துக்கிச்சு, 2006ல லீக் அதே டீமை 45 கோடி டாலருக்கு வித்துச்சு. 12 கோடிக்கு வாங்குனது. பக்கத்து ஊர் பால்டிமோர் ஓனர் தன் ஏரியாவுக்குள்ள வர்றாங்கன்னு குதிச்சதால, வாஷிங்டன் மேட்ச் காட்டுற டிவி சேனல்ல பெரும்பங்கை அவருக்குக் குடுத்து சமாதானம் பண்ணாங்க. ஓனருக்கு நஷ்டஈடு உண்டு, ஊருக்கு கெடையாது.

ஏ'ஸ் இப்போ வெஸ்ட் சாக்ரமெண்டோவுல ஒரு மைனர் லீக் மைதானத்துல ஆடுறாங்க, டீம் பேருல ஊரே இல்லாம வெறும் அத்லெட்டிக்ஸ்ன்னு. வேகஸ்ல டிராப்பிகானா ஓட்டலை 2024 அக்டோபர் 9 அதிகாலையில வெடி வெச்சு இடிச்சு எடம் காலி பண்ணாங்க. அதே நாள் ராத்திரி மில்டன் புயல் அடிச்சு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்டேடியத்தோட கூரை கிழிஞ்சு போச்சு, அதோட பேரும் டிராப்பிகானா ஃபீல்டு. அந்த ஊர் டீம் ரேஸ், புது ஸ்டேடியத்துக்கான 130 கோடி டாலர் ஒப்பந்தத்துலேருந்து 2025 மார்ச்ல வெளிய வந்துடுச்சு, காலி ஸ்டேடியத்தை வெச்சு மத்த ஊரை மிரட்ட உதவுன ஊரு இப்போ மிரட்டலை வாங்குற எடத்துல இருக்கு.

லீக்கை 32 டீமா ஆக்கப் போறோம்னு மேன்ஃபிரட் சொல்லிக்கிட்டே இருக்கார், நாஷ்வில், போர்ட்லேண்ட், சால்ட் லேக் சிட்டின்னு பேர் அடிபடுது. ஆனா ஏ'ஸ், ரேஸ் ஸ்டேடியம் விஷயம் முடியட்டும், அப்புறம்தான்னு ரொம்ப நாளா தள்ளிக்கிட்டே வந்தாங்க. ஏன்னு இவ்ளோ தூரம் படிச்ச உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர்ல நாஷ்வில் மேயரை ஒரு பேஸ்பால் ஓனர் போய்ப் பாத்தார். அவரோட டீம் இப்போ ஆடுற ஸ்டேடியத்தோட லீஸ் 2029ல முடியுது, 2024ல இலினாய் மாநிலத்துக்கிட்ட புது ஸ்டேடியத்துக்கு 100 கோடி டாலர் அளவுக்குப் பொதுப் பணம் கேட்டார், கவர்னர் பெருசா ஆர்வம் காட்டல. ஆமா, அதே ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப்தான், அதே வைட் சாக்ஸ்தான், கடிகாரத்தை நிறுத்தி வாங்குன அதே ஸ்டேடியம்தான்.